மூன்றாம் நாள் யாருக்கு? நாக்-அவுட் செஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 ஆகஸ்டில் பிரக்ஞானந்தா பாகூவில் ஆடிக்கொண்டிருந்தபோது, குதிரை எப்படி நகரும் என்று தெரியாதவர்கள்கூட சாயங்காலம் நாலரை மணிக்கு போனைத் திறந்துவைத்துக் காத்திருந்தார்கள். கூடவே கேள்விகளும் வந்தன. நேற்று டிரா, இன்றைக்கும் டிரா, அப்புறம் எப்படி ஜெயித்தவர் ஒருவர் என்கிறார்கள்? நாளைக்கு ஆட்டம் உண்டா இல்லையா? 2025 நவம்பரில் கோவாவில் உலகக் கோப்பை நடந்தபோதும் அதே கேள்விகள். அவற்றைத் தொகுத்து, எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

நாக்-அவுட் என்றால் செஸ்ஸில் என்ன அர்த்தம்?

டென்னிஸில் உள்ள அதே அர்த்தம்தான். தோற்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வழக்கமான பெரிய செஸ் போட்டிகளில் பத்துப் பேரோ பதினான்கு பேரோ ஒருவரோடொருவர் ஆடிப் புள்ளி சேர்ப்பார்கள். அங்கே ஒரு நாள் தோற்றாலும் அடுத்த வாரம் ஈடுகட்டிக்கொள்ளலாம். நாக்-அவுட்டில் அடுத்த வாரம் என்பதே கிடையாது.

இந்த முறையில் நடப்பவற்றில் பெரியது, உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே நடத்தும் உலகக் கோப்பை. 2005-இல் சைபீரியாவின் கான்டி-மான்சிஸ்கில் 128 பேருடன் இப்போதைய வடிவத்தில் தொடங்கியது. அதற்கு முன் 1997 முதல் 2004 வரை, ஃபிடே தன் உலகச் சாம்பியனையே நாக்-அவுட் வைத்துத்தான் தேர்ந்தெடுத்தது. இப்போது இந்தக் கோப்பையில் முதல் மூன்று இடம் பிடிப்பவர்களுக்கு கேண்டிடேட்ஸ் போட்டியில் இடம் கிடைக்கும். அந்த கேண்டிடேட்ஸில் ஜெயிப்பவர் உலகச் சாம்பியனோடு மோதுவார்.

206 பேர் என்கிறார்களே, அது என்ன கணக்கு?

2021 சோச்சி, 2023 பாகூ, 2025 கோவா மூன்றிலும் 206 பேர்தான். தரவரிசையில் மேலே உள்ள 50 பேருக்கு முதல் சுற்றில் ஆட்டமில்லை. மீதி 156 பேர் மோதி 78 பேர் மிஞ்சுவார்கள். 78-உம் 50-உம் சேர்ந்தால் 128. அங்கிருந்து 64, 32, 16, 8, 4, 2 என்று பாதி பாதியாகக் குறைந்துகொண்டே போகும். மொத்தம் எட்டுச் சுற்று.

ஒரு சின்ன வேடிக்கை: ஒவ்வொரு மோதலிலும் ஒருவர்தான் வெளியே போவார் என்பதால், 206 பேரில் ஒருவர் மிஞ்ச 205 மோதல்கள் வேண்டும். மூன்றாம் இடத்துக்கான மோதலையும் சேர்த்தால் மறுபடியும் 206.

ஒரு சுற்றுக்கு எத்தனை நாள்?

இரண்டு அல்லது மூன்று. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

முதல் நாள் ஒரு கிளாசிக்கல் ஆட்டம். மறுநாள் காய் நிறத்தை மாற்றிக்கொண்டு இன்னொன்று. கிளாசிக்கல் என்றால் முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், அதன்பின் 30 நிமிடம், இது போக ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 விநாடி கூடுதல். ஓர் ஆட்டம் 60 நகர்த்தல் வரை போனால், ஒருவருக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும். இருவரும் முழுதாகப் பயன்படுத்தினால் ஐந்து மணி நேரம் நாற்காலியில்.

இரண்டு ஆட்டத்தில் ஒருவர் முன்னிலை பெற்றால் அத்தோடு சரி. மூன்றாம் நாள் அவருக்கு விடுமுறை. சமமாக இருந்தால் மூன்றாம் நாள் டைபிரேக். நான்காம் நாள் அடுத்த சுற்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். முந்தைய நாள் இரவு ஏழு மணி வரை டைபிரேக்கில் வெந்தவருக்கும், காலையில் நீச்சல் குளத்தில் கிடந்தவருக்கும் ஒரே நேரம்தான்.

2023 அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலை 30 முதல் ஆகஸ்ட் 24 வரை 26 நாட்கள். எட்டுச் சுற்றுக்கும் மும்மூன்று நாளாக 24 நாள் போய்விடுகிறது. எல்லோருக்கும் பொதுவான ஓய்வு இரண்டே நாள். அதற்கு மேல் ஓய்வு வேண்டுமென்றால் ஆட்டக்காரர் அதைப் பலகையில்தான் சம்பாதிக்க வேண்டும். அதனால்தான் நான் உலகக் கோப்பை பார்க்கும்போது புள்ளியைவிட, யாருக்கு எத்தனை மூன்றாம் நாள் மிச்சமாகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

மூன்றாம் நாள் டைபிரேக்கில் என்னென்ன நடக்கும்?

நேரத்தைக் குறைத்துக்கொண்டே போவார்கள். 2023-இல் இருந்த வரிசை: முதலில் ஆளுக்கு 25 நிமிடத்தில் இரண்டு ரேபிட் ஆட்டம். சமமென்றால் 10 நிமிடத்தில் இரண்டு. அதுவும் சமமென்றால் 5 நிமிடத்தில் இரண்டு பிளிட்ஸ். அதிலும் முடியவில்லை என்றால் 3 நிமிட ஆட்டம், யாராவது ஒருவர் ஜெயிக்கும்வரை. எல்லாவற்றிலும் நகர்த்தலுக்குச் சில விநாடி கூடுதலாகக் கிடைக்கும்.

முன்பெல்லாம் கடைசியில் 'ஆர்மகெடன்' என்று ஒன்று இருந்தது. வெள்ளைக்கு ஐந்து நிமிடம், கறுப்புக்கு நான்கு, டிரா ஆனால் கறுப்பு ஜெயித்ததாகக் கணக்கு. மூன்று வார உழைப்பு அப்படி ஓர் ஆட்டத்தில் போவது எனக்குப் பிடித்ததே இல்லை. எடுத்தது நல்லதுதான்.

பிரக்ஞானந்தா 2023-இல் சோர்ந்துபோய்த்தான் இறுதியில் தோற்றாரா?

அப்படிச் சொல்வது, இறுதியில் அவரை ஜெயித்த நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனுக்கு அநியாயம். ஆனால் கணக்கைப் பார்த்தால் ஏன் அந்தப் பேச்சு வந்தது என்று புரியும்.

பிரக்ஞானந்தா இரண்டாம் சுற்றில் உள்ளே வந்தார். பிரான்ஸின் லகார்டையும் செக் நாட்டின் நவாராவையும் இரண்டிரண்டு நாளில் முடித்தார். நான்காம் சுற்றில் நகாமுரா. ரேபிட்டிலும் பிளிட்ஸிலும் உலகமே அஞ்சும் ஆள். இரண்டு கிளாசிக்கலும் டிரா ஆக, டைபிரேக்கில் இரண்டு ரேபிட்டையும் ஜெயித்து 3-1 என்று அனுப்பிவைத்தார். ஐந்தாம் சுற்றில் ஹங்கேரியின் பெர்கெஸ், இரண்டு நாளில் முடிந்தது. இதுவரை பரவாயில்லை.

கால் இறுதி அர்ஜுன் எரிகைசியோடு. முதல் ஆட்டம் அர்ஜுனுக்கு, இரண்டாவது பிரக்ஞானந்தாவுக்கு. ஆகஸ்ட் 17, டைபிரேக். 25 நிமிட ஆட்டங்களில் சமம், 10 நிமிடத்தில் சமம், 5 நிமிடத்திலும் சமம். மூன்று நிமிட ஆட்டத்தில்தான் முடிவு, 5-4. ஒரே நாளில் ஏழு ஆட்டம். மறுநாள் பொது ஓய்வு. 19-ஆம் தேதி கருவானாவோடு அரை இறுதி. அன்றைக்கு உலகத் தரவரிசையில் முதல் சில இடங்களில் இருந்தவர். இரண்டு கிளாசிக்கல் டிரா, இரண்டு ரேபிட் டிரா, பத்து நிமிட ஆட்டத்தில் ஒரு வெற்றி, 3.5-2.5. இது 21-ஆம் தேதி. 22-ஆம் தேதி இறுதியின் முதல் ஆட்டம். நடுவே ஒரு நாள்கூட இல்லை.

கால் இறுதி தொடங்கிய 15-ஆம் தேதியிலிருந்து கோப்பை முடிவான 24 வரை அவர் ஆடியது ஒன்பது நாள், 19 ஆட்டம். அதே பத்து நாளில் கார்ல்சன்? குகேஷை இரண்டே ஆட்டத்தில், அபாசோவை இரண்டே ஆட்டத்தில், இறுதியில் நான்கு. ஆக எட்டு. 17-உம் 21-உம் அவருக்குக் காலியாகக் கிடைத்தன.

ஆனால் கதையில் ஒரு திருப்பம் உண்டு. அரை இறுதி முடிந்த கையோடு கார்ல்சனுக்கு உணவு ஒத்துக்கொள்ளாமல் போய், இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடக்கூட முடியவில்லை என்று அவரே சொன்னார். கிடைத்த ஓய்வு நாள் படுக்கையில் போயிற்று. இறுதியின் இரண்டாவது கிளாசிக்கலில் வெள்ளைக் காய் வைத்துக்கொண்டு அவசரமாக டிராவுக்குப் போனதும் அதனால்தான். மூன்றாம் நாள் தெம்பு வந்து, முதல் ரேபிட்டை ஜெயித்து, இரண்டாவதை டிராவில் முடித்தார். சோர்ந்தவர் ஒருபக்கம், நோயிலிருந்து எழுந்தவர் மறுபக்கம். அந்த அளவில் இருவரும் சமம்தான் என்று தோன்றுகிறது. பிரக்ஞானந்தாவுக்கு அப்போது வயது 18. கேண்டிடேட்ஸ் இடம் கையில் வந்துவிட்டது.

இதைவிடக் கொடுமையான அட்டவணை செஸ்ஸில் இருந்ததா?

இருந்தது. அதில் மாட்டியவரும் நம்ம ஊர்க்காரர்தான்.

1997 டிசம்பர், நெதர்லாந்தின் குரோனிங்கன். ஃபிடே நடத்திய முதல் நாக்-அவுட் உலகச் சாம்பியன் போட்டி. விஸ்வநாதன் ஆனந்த் நிகோலிச், காலிஃப்மன், அல்மாசி, ஷிரோவ், கெல்ஃபாண்ட் என்று ஒவ்வொருவராகத் தாண்டி இறுதியில் மைக்கேல் ஆடம்ஸைச் சந்தித்தார். எட்டு ஆட்டம் வரிசையாக டிரா. ஒன்பதாவதில், முடிவு வரும்வரை ஆடும் கட்டத்தில் ஆனந்த் ஜெயித்தார். 5-4. தேதி டிசம்பர் 30.

வேறு போட்டியாக இருந்தால் அன்றைக்கே கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருக்கலாம். இங்கே அது பாதி வழிதான். நடப்பு ஃபிடே சாம்பியனான அனதோலி கார்ப்போவுக்கு நாக்-அவுட்டே கிடையாது, நேராக இறுதி என்று விதி. இந்தச் சலுகை பிடிக்காமல் கிராம்னிக் போட்டிக்கே வரவில்லை. ஆனந்த் குரோனிங்கனிலிருந்து சுவிட்சர்லாந்தின் லோசானுக்குப் போய், புத்தாண்டு பிறந்த கையோடு ஜனவரி முதல் வாரத்தில் கார்ப்போவின் எதிரே உட்கார்ந்தார். கார்ப்போவ் மூன்று வாரம் வீட்டில் தயாரித்துக்கொண்டு புதிதாக வந்திருந்தார்.

அதிலும் ஆனந்த் கடைசி ஆட்டத்தை ஜெயித்தே ஆகவேண்டும் என்ற நிலையில் ஜெயித்து 3-3 ஆக்கினார். அப்புறம் ரேபிட்டில் இரண்டும் போயின. ஏட்டில் கார்ப்போவ் சாம்பியன். அந்தப் போட்டியை நியாயமானது என்று சொல்பவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அடுத்த 1999 லாஸ் வேகாஸ் போட்டியிலேயே அந்தச் சலுகையை ஃபிடே எடுத்துவிட்டது. 2000-இல் ஆனந்த் புது டெல்லியில் நாக்-அவுட்டைத் தாண்டி, டெஹ்ரானில் ஷிரோவை 3.5-0.5 என்று தோற்கடித்து உலகச் சாம்பியன் ஆனார். கோவாவில் 2025-இல் கொடுத்த கோப்பைக்கு அவர் பெயரைத்தான் வைத்திருந்தார்கள்.

பெரிய பெரிய கிராண்ட்மாஸ்டர்கள் ஏன் ஆரம்பத்திலேயே தோற்றுப்போகிறார்கள்?

கோவாவில் முதல் மூன்று தரவரிசையும் இந்தியர்கள்தான்: குகேஷ், அர்ஜுன், பிரக்ஞானந்தா. உலகச் சாம்பியன் குகேஷ் மூன்றாம் சுற்றில் ஜெர்மனியின் ஃபிரெடெரிக் ஸ்வானேயிடம் தோற்றார். பிரக்ஞானந்தா நான்காம் சுற்றில் டூபோவிடம். அர்ஜுன் லெகோ, அரோனியன் எல்லோரையும் தாண்டிக் கால் இறுதியில் வெய் யியிடம். 2017-இல் திபிலிசியில் கார்ல்சனே மூன்றாம் சுற்றில் பூ ஸியாங்ஷியிடம் தோற்று ஊர் போனார். அதே போட்டியில் ஆனந்த் இரண்டாம் சுற்றோடு சரி.

'ஃபார்ம் போய்விட்டது' என்று உடனே தீர்ப்பெழுதுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஆட்டக்காரர் ஒவ்வொரு சுற்றிலும் ஐந்தில் நான்கு தடவை ஜெயிக்கக்கூடியவர் என்று வைத்துக்கொள்வோம். அது பெரிய மேலாதிக்கம். இரண்டாம் சுற்றில் நுழைந்தால் அவர் ஏழு பேரைத் தாண்ட வேண்டும். 0.8-ஐ ஏழு முறை பெருக்கிப் பாருங்கள்: ஏறத்தாழ 0.21. அதாவது, எல்லோரையும்விடத் தெளிவாகப் பலமானவருக்கே கோப்பை கிடைக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றுதான்.

இன்னொன்று, மோதல் என்பது இரண்டே கிளாசிக்கல் ஆட்டம். இன்றைக்கு 2600 தரப்புள்ளி உள்ள ஒருவர் கணினியோடு தயாரித்துவந்து, வெள்ளையில் ஒரு டிரா, கறுப்பில் ஒரு டிரா என்று பிடித்துக்கொண்டால், 2780 ஆளையும் மூன்றாம் நாளுக்கு இழுத்துவிடலாம். அங்கே கடிகாரம் ஓடும் வேகத்தில் 180 புள்ளி வித்தியாசம் பாதியாகிவிடும்.

குகேஷ் விஷயத்தில் பயணமும் உண்டு. அக்டோபர் கடைசியில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸில் கார்ல்சன், நகாமுரா, கருவானாவோடு வேக ஆட்டங்கள் ஆடிவிட்டு நேராகக் கோவா வந்தார். தோல்விக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஸ்வானே நன்றாகவே ஆடினார். ஆனாலும் முன்னணி ஆட்டக்காரரின் நாட்காட்டி எவ்வளவு நெருக்கமானது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

இருபது நகர்த்தலில் கைகுலுக்கி டிரா செய்கிறார்களே, பயமா?

பார்ப்பவர்களுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். எனக்கும்தான். ஆனால் அவர்கள் கணக்கு வேறு.

வேக ஆட்டத்தில் தன் கை ஓங்கும் என்று நம்புகிறவர், கிளாசிக்கல் இரண்டையும் அமைதியாக முடித்துக்கொண்டு மூன்றாம் நாளுக்குப் போகவே விரும்புவார். முந்தைய சுற்றில் டைபிரேக் ஆடிக் களைத்தவருக்கு, ஒரு மணி நேரத்தில் முடியும் டிரா என்பது அரை நாள் தூக்கம். கறுப்புக் காய் கிடைத்தவருக்கு டிரா லாபம்தான். அதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இன்றைக்கு மிச்சம் பிடித்த நேரத்தை மூன்றாம் நாள் வட்டியோடு கொடுக்க வேண்டிவரும். அந்த ஒரு நாளில் ஐந்தாறு ஆட்டம் ஆடும் களைப்பு ஒரு நீண்ட கிளாசிக்கலைவிடக் கடுமை.

ஒரு ஆட்டம் தோற்றபின் மறுநாள் எப்படி எழுந்து ஆடுகிறார்கள்?

டிரா போதாது, ஜெயித்தே தீர வேண்டும் என்ற அந்த இரண்டாம் நாள்தான் நாக்-அவுட்டின் உண்மையான சோதனை. பொதுவாக இப்படிப்பட்ட நாளில் ஆட்டக்காரர்கள் சண்டைக்குப் பாய்வதில்லை. காய்களை வெட்டிக்கொள்ளாமல், நிலையைக் குழப்பமாகவே வைத்து, எதிராளி தானாகத் தடுமாறும்வரை மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். டிரா போதும் என்று உட்கார்ந்திருப்பவருக்கு அந்தக் காத்திருப்புதான் விஷம்.

2023-இல் ஜெர்மனியின் கெய்மர் முதல் ஆட்டத்திலேயே கார்ல்சனைத் தோற்கடித்தார். மறுநாள் கார்ல்சன் ஜெயித்துச் சமன் செய்து, டைபிரேக்கில் தாண்டினார். அன்று தவறியிருந்தால் கோப்பையே வேறு ஆளுக்குப் போயிருக்கும்.

ஆனால் இதில் எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது 2015 பாகூ இறுதியை. அப்போது இறுதிக்கு மட்டும் நான்கு கிளாசிக்கல். பீட்டர் ஸ்விட்லர் முதல் இரண்டையும் ஜெயித்துவிட்டார். 2-0. இன்னும் ஒரே ஒரு டிரா போதும். மூன்றாவது ஆட்டத்தில் தடுமாறினார், தோற்றார். நான்காவதும் போயிற்று. 2-2. ரேபிட்டில் 1-1. பத்து நிமிட ஆட்டங்களில் மறுபடி 1-1. பிளிட்ஸில் செர்கேய் கர்யாகின் இரண்டையும் எடுத்து 6-4 என்று முடித்தார். பத்து ஆட்டம், ஒரு டிராகூட இல்லை! உலகின் தலைசிறந்த இரண்டு தற்காப்பாளர்கள் பத்து ஆட்டத்தில் ஒருமுறைகூடச் சமாதானம் ஆகமுடியாத அளவுக்குக் களைத்திருந்தார்கள். ஆட்டத்தின் தரம் என்று பார்த்தால் அவற்றில் பலது சுமார்தான், தவறுகள் கொட்டிக்கிடக்கும். மூன்றரை வாரம் ஓடியபின் மனித மூளை எப்படி இருக்கும் என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

செஸ் ஆடினால் ஒரு நாளைக்கு 6,000 கலோரி எரியுமாமே?

வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் சுற்றும் செய்தி. நம்பாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்பு மலையேறும் உடம்பு அளவுக்கு எரிக்காது. இதயம் வேகமாகத் துடிக்கும், உள்ளங்கை வியர்க்கும், இரவில் தூக்கம் வராது, பசி கெடும். எடை குறைவது பெரும்பாலும் சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருப்பதால்தான். 1984-85-இல் காஸ்பரோவோடு 48 ஆட்டம், ஐந்து மாதம் ஆடிய கார்ப்போவ் இளைத்துத் துரும்பானதை அந்தக் காலப் புகைப்படங்களிலேயே பார்க்கலாம்.

அப்படியானால் சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஒரே மாதிரி சாப்பாடு, ஆட்டத்துக்கு முன் கொஞ்ச தூரம் நடை, பலருக்கு உடற்பயிற்சி. பிரக்ஞானந்தாவின் அம்மா வெளிநாட்டுப் போட்டிகளுக்குக் கூடவே போய், ரசம் சாதம் பண்ணிக் கொடுப்பது பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அதைப் பாசக்கதையாக மட்டும் படிக்காதீர்கள். கார்ல்சனின் வயிறு இறுதிக்கு முன்னால் என்ன பாடு படுத்தியது என்று மேலே சொன்னேன் அல்லவா? நாலு வாரம் ஹோட்டல் சாப்பாட்டில் ஓடும் போட்டியில், தெரிந்த கை சமைத்த சாதம் என்பது தயாரிப்பின் ஒரு பகுதி.

தூக்கத்தைக் கெடுப்பது இன்னொன்று: அடுத்த எதிராளி யார் என்று முந்தைய நாள் ராத்திரிதான் தெரியும். டைபிரேக் முடித்து அறைக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு மோதப்போகிறவரின் பழைய ஆட்டங்களைத் திறக்க வேண்டும். பல ஆட்டக்காரர்களுக்கு 'செகண்ட்' என்று சொல்லப்படும் உதவியாளர் இருப்பார், அவரே இன்னொரு கிராண்ட்மாஸ்டராக இருப்பார். இவர் தூங்கும்போது அவர் விழித்திருந்து திறப்பாட்டங்களைத் தேடிவைப்பார். அந்த வசதி இல்லாதவர்கள் இரண்டு வேலையையும் தாங்களே பார்க்கிறார்கள்.

இது இளவட்டங்களுக்கான போட்டிதானே?

அப்படித்தான் தோன்றும். கோவாவில் ஜெயித்த உஸ்பெகிஸ்தானின் ஜவோகிர் சிந்தாரோவுக்கு வயது 19. உலகக் கோப்பையை வென்றவர்களில் அவரே இளையவர். 2021-இல், 15 வயதில், இதே போட்டியில் ஃபிரோஸ்ஜாவை வெளியேற்றியவர் அவர். இறுதியில் அவர் தோற்கடித்த வெய் யி, 2013-இல் 14 வயதில் நெபோம்னியாஷியையும் ஷிரோவையும் அடுத்தடுத்து வீட்டுக்கு அனுப்பியவர். 2002-இல் நாக்-அவுட்டில் ஃபிடே உலகச் சாம்பியன் ஆனபோது பொனமர்யோவுக்கு 18.

ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். 2009-இல் கோப்பை வென்ற போரிஸ் கெல்ஃபாண்டுக்கு வயது 41. 2013-இல் கிராம்னிக்குக்கு 38. 2023-இல் 54 வயது இவான்சுக் கடைசிப் பதினாறு பேரில் ஒருவராக நின்றார், கார்ல்சன்தான் வந்து நிறுத்தவேண்டியிருந்தது. பெரியவர்களுக்குக் கால் வலிக்கும், ஆனால் எந்த ஆட்டத்தில் சண்டை போடுவது, எதில் கைகுலுக்கிவிட்டுத் தூங்கப்போவது என்று தெரியும். 2005-க்குப் பின் இந்தக் கோப்பையை இரண்டு முறை வென்றவர் லெவோன் அரோனியன் ஒருவர்தான். 2005-இல் ஒன்று, பன்னிரண்டு வருஷம் கழித்து 2017-இல் இன்னொன்று.

கார்ல்சன் இதை எளிதாக ஜெயித்திருப்பார்தானே?

இல்லை. கோப்பைக்கு முன்பிருந்த உலகச் சாம்பியன் நாக்-அவுட்டில், 2004-இல் திரிப்போலியில், சிறுவனாக வந்து முதல் சுற்றில் அரோனியனிடம் தோற்றார். 2007-இல் அரை இறுதியில் காம்ஸ்கியிடம். 2017 கதையைச் சொன்னேன். 2021-இல் அரை இறுதியில் டூடாவிடம். ஐந்து முறை உலகச் சாம்பியன் ஆனவருக்கு இந்தக் கோப்பை கைக்கு வர 2023 வரை ஆனது.

பெண்கள் பிரிவிலும் இதே முறைதானா?

ஆமாம், கொஞ்சம் சிறியது. 2025 ஜூலையில் ஜார்ஜியாவின் பாதுமியில் 107 பேர். கால் இறுதியில் எட்டில் நான்கு பேர் இந்தியர்கள்: கொனேரு ஹம்பி, ஹரிகா, வைஷாலி, திவ்யா தேஷ்முக். சென்னையின் வைஷாலி அங்கே டான் ஷோங்யியிடம் தோற்றார். அதே டானை அரை இறுதியில் திவ்யா தாண்டினார். இறுதியில் 19 வயது திவ்யாவும் 38 வயது ஹம்பியும். இரண்டு கிளாசிக்கலும் டிரா, ரேபிட்டில் திவ்யா.

திவ்யா அங்கே போனபோது கிராண்ட்மாஸ்டர் இல்லை. அந்தப் பட்டத்துக்கு வழக்கமாக மூன்று தகுதிநிலைகள் சேர்க்க வேண்டும். உலகக் கோப்பையை வென்றவருக்கு நேராகவே பட்டம் என்ற விதியால் ஒரே நாளில் கோப்பை, கேண்டிடேட்ஸ் இடம், கிராண்ட்மாஸ்டர் பட்டம் மூன்றும் கிடைத்தன.

பணம் எவ்வளவு?

2023 பொதுப் பிரிவில் வென்றவருக்கு 1,10,000 டாலர், இரண்டாம் இடத்துக்கு 80,000. முதல் சுற்றில் தோற்றவர்களுக்குச் சில ஆயிரம் டாலர். கேட்க நன்றாக இருந்தாலும் பயிற்சியாளர், உதவியாளர் செலவு எல்லாம் போக கீழ்ச்சுற்றுக்காரர்களுக்குக் கையில் நிற்பது அதிகமில்லை.

இந்த முறையில் சிறந்த ஆட்டக்காரர்தான் ஜெயிக்கிறாரா? இல்லையென்றால் எதற்கு இது?

எப்போதும் இல்லை. 1999 லாஸ் வேகாஸில் காலிஃப்மன் சாம்பியன் ஆனபோது உலகத் தரவரிசையில் 44-ஆம் இடத்தில் இருந்தார். 2004-இல் கசிம்ஜானோவ் ஜெயிப்பார் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்கமாட்டார்கள். உலகச் சாம்பியனைத் தேர்ந்தெடுக்க இந்த முறை சரிப்படாது என்பது என் கட்சி. ஃபிடேயும் கடைசியில் அதைக் கைவிட்டது.

கேண்டிடேட்ஸுக்கு ஆள் எடுக்க இது நல்ல முறை. தரவரிசையில் மேலே இருப்பவர்களே திரும்பத் திரும்ப ஒருவரோடொருவர் அழைப்புப் போட்டிகளில் ஆடிக்கொண்டிருந்தால், வெளியே இருப்பவர்களுக்குக் கதவு எங்கே? தரவரிசையில் எங்கோ இருந்த அபாசோவ் 2023-இல் மகாராஷ்டிராவின் விதித் குஜராத்தியைக் கால் இறுதியில் வீழ்த்தி நான்காம் இடம் வரை போனதும், கார்ல்சன் விலகியதால் கேண்டிடேட்ஸ் ஆடியதும் இந்தக் கதவு வழியாகத்தான். கசிம்ஜானோவையும் ஏதோ அதிர்ஷ்டக்காரர் என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிற்பாடு ஆனந்த் தன் பட்டத்தைக் காத்த போட்டிகளில் கூடவே இருந்து தயாரித்துக் கொடுத்தவர் அவர்.

மாற்ற வேண்டியது அட்டவணையை. அரை இறுதிக்கும் இறுதிக்கும் நடுவில் எல்லோருக்கும் ஒரு பொது ஓய்வு நாள் கட்டாயம் இருக்க வேண்டும். ஓட்டல் அறைக்கு ஒரு நாள் வாடகை கூடும், அவ்வளவுதானே.

அரை இறுதியில் தோற்றவர்கள் ஊருக்குப் போய்விடலாமா?

முடியாது. இந்தப் போட்டியில் எனக்கு மிகவும் இரக்கம் தோன்றுவது அவர்கள்மேல்தான். மற்ற 200 பேரும் தோற்ற அன்றைக்கே விமான டிக்கெட் தேடலாம். நான்கில் தோற்ற இருவர் மட்டும், மறுநாளே மூன்றாம் இடத்துக்காக உட்கார வேண்டும். கேண்டிடேட்ஸ் இடம் அதில் இருப்பதால் விட்டுக்கொடுக்கவும் முடியாது. 2023-இல் கருவானா, பிரக்ஞானந்தாவிடம் டைபிரேக்கில் தோற்ற மறுநாள் அபாசோவோடு ஆட உட்கார்ந்தார், மூன்றாம் இடத்தையும் எடுத்தார். 2021-இல் கார்ல்சன் நிலைமை இன்னும் விசித்திரம். அவர் அப்போது உலகச் சாம்பியன், கேண்டிடேட்ஸ் இடம் அவருக்குத் தேவையே இல்லை. டூடாவிடம் தோற்ற கையோடு ஃபெடோசேயெவ் எதிரே வந்து உட்கார்ந்து, இரண்டு கிளாசிக்கலையும் ஜெயித்தார். டைபிரேக் வரை போகவே விடவில்லை. மூன்றாம் நாள் ஊருக்குக் கிளம்ப அவருக்குக் காலியாக இருந்தது.